‘என் பிள்ளைகள்’ என்று எழுதிய உயில்

உயில் எழுதுவதைச் சுலபமான வேலை என்று நினைத்து இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களை எனக்குப் பிடிக்கும். நானும் அப்படித்தான் வந்தேன். நீதிமன்றத்தில் தொண்டை கிழியக் கத்த வேண்டாம், எதிர்த்தரப்பு என்று ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்க மாட்டார், குளிர்சாதன அறையில் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினால் போதும் என்று கணக்குப் போட்டேன். மலேசியாவில் இந்தக் குளுவாங்கில் முப்பது வருடத்துக்கு மேல் அந்த நாலு பக்கத்தையே எழுதிவிட்டு, இப்போது வீட்டில் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம், இளம் வழக்கறிஞர்களான உங்களில் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். பெயர் சொன்னால் முகம் சிவந்துவிடும், விட்டுவிடுகிறேன். ஒரு உயிலைக் காட்டி, அதில் மனைவிக்குக் கொடுத்திருக்கும் நியமன அதிகாரம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். கணினி எழுதிக் கொடுத்த வாசகம். ஒரு குறை சொல்ல முடியாது. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. அதே வாசகத்தை நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன், கணினி இல்லாமல், பெருமையோடு.

நியமன அதிகாரம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் கட்சிக்காரருக்குச் சொல்லும்போது நான் இப்படித்தான் சொல்வேன். கணவர் இறந்த பிறகு சொத்து டிரஸ்டில், அதாவது குடும்ப அறக்கட்டளையில் இருக்கும். மனைவி இருக்கிறவரை அதை அனுபவிப்பார். விற்கவோ, தன் சொந்தமாக்கிக்கொள்ளவோ முடியாது. ஆனால் தனக்குப் பிறகு அது யாருக்குப் போக வேண்டும் என்று, கணவர் குறிப்பிட்ட ஆட்களுக்குள் அவர் விரல் நீட்டிச் சொல்லலாம். அந்த ஆட்களுக்கு வெளியே விரல் போகக்கூடாது. அவர் சொல்லாமலே போய்விட்டால், எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேரும்.

நம் ஊர்க் குடும்பங்களுக்கு இது மிகவும் பொருந்தும். மனைவிக்குத்தான் தெரியும், எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று.

என் சீனியர் ஒரு வயதான சீனர். உயில் எழுத யார் வந்தாலும் அவருடைய முதல் கேள்வி சொத்தைப் பற்றி இருக்காது. “சியாப்பா மாக்கான் டி ருமா?” என்பார். வீட்டில் யார் யார் சாப்பிடுகிறார்கள் என்று மலாயில் கேட்பது. பிறகு அத்தனை பேருடைய அடையாள அட்டையையும், நாம் ஐசி என்கிறோமே அதை, மேசைமேல் வைக்கச் சொல்வார். ஒருமுறை நம் ஆள் ஒருவர், “என் வீட்ல யாரு சாப்ட்டா இவருக்கென்ன?” என்று கோபித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார். தமிழர்களிடம் அப்படியெல்லாம் கேட்கக்கூடாது என்று நான் சீனியருக்கு விளக்கினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, அப்படியானால் உன் ஆட்களை நீயே பார்த்துக்கொள் என்றார்.

பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

சின்னையா என்பவர் தன் மனைவி சரஸ்வதியோடு என் அலுவலகத்துக்கு வந்தார். பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டி, பிறகு சொந்த லாரி வாங்கி, குளுவாங்கில் ஒரு வீடும் பெக்கோக்கில் பத்து ஏக்கர் செம்பனையும் சேர்த்திருந்தார். காரை ஓட்டிக்கொண்டு வந்தது மகள் சாந்தி. தொழிற்சாலைச் சீருடையிலேயே இருந்தாள், வேலை முடிந்து நேரே வந்திருக்க வேண்டும்.

“மூணு புள்ளைங்க லாயர் அம்மா,” என்றார் சின்னையா. “பெரியவன் குணா, ஜேபியில இருந்துகிட்டு தெனம் சிங்கப்பூருக்குப் போயிட்டு வரான். சேகர் பொந்தியான்ல மோட்டார் பட்டறை வச்சிருக்கான். கடைசி இவ, சாந்தி. எங்ககூடத்தான் இருக்கா.”

“யாருக்கு எது?”

“அத இப்பவே எப்படிச் சொல்றது? நான் போன பெறகு யாரு எப்படி இருப்பாங்களோ. அவதான் பாத்துக் குடுக்கணும்.” மனைவியைத் தலையாட்டிக் காட்டினார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கப்போகிறவர் மாதிரி இருந்தது. திறக்கவில்லை.

என் குமாஸ்தா ரோஸ்னா, சீனியர் பழக்கிவிட்டபடி, பிள்ளைகளின் ஐசி வேண்டும் என்று கை நீட்டினாள். சாந்தி கைப்பையைத் திறந்து தன்னுடையதை எடுத்துவிட்டாள். நான்தான் சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் வேண்டாம்மா, உள்ள வச்சுக்க. ‘என் பிள்ளைகள்’னு எழுதினா எல்லாரும் அதுலயே வந்துருவாங்க,” என்றேன். அப்பா அம்மா முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், நீ இவர் மகள்தானா என்று அத்தாட்சி கேட்பது எனக்கு அநாகரிகமாகப் பட்டது. பெயர் பெயராக அடுக்குவதைவிட ‘என் பிள்ளைகள்’ என்ற ஒரே சொல்லில் முடிப்பது அழகாகவும் இருந்தது. வீட்டையும் நிலத்தையும், என் பிள்ளைகளில் என் மனைவி சொல்கிறவருக்கு, அவர் சொல்கிற அளவில். அன்று மாலை அந்த வாசகத்தை நானே இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

சின்னையா போய்ச் சேர்ந்து நாலைந்து வருடம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை சரஸ்வதி அம்மா வந்தார். மூச்சு வாங்கியது. வரும் திங்கட்கிழமை ஜேபியில், ஜொகூர் பாருவில், இதய அறுவைச் சிகிச்சை. சாந்தி அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து என் எதிரில் உட்காரவைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

“வீடு சாந்திக்கு, லாயர் அம்மா. செம்பனை அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும். கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி எழுதிரணும்.”

நல்ல முடிவு என்று நினைத்தேன். சாந்திக்குக் கல்யாணம் நிலைக்கவில்லை. அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள்தான், இப்போது அம்மாவையும். பத்திரம் எழுத விவரம் வேண்டும் என்றதும், அம்மா ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து மூன்று ஐசி நகல்களை எடுத்து வைத்தார். குணசேகரன், சின்னையாவின் மகன். சந்திரசேகர், சின்னையாவின் மகன். சாந்தி, மாரிமுத்துவின் மகள்.

நம் ஐசியில் அப்பா பெயர் கூடவே வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நான் அந்த வரியை மறுபடி படித்தேன்.

“மாரிமுத்து யாரும்மா?”

அவர் பிளாஸ்டிக் உறையை மடித்து வைத்தார். பிறகு சொன்னார். தோட்டத்தில் அடுத்த லயத்து வீட்டுக்காரர். பிரசவத்தில் மனைவி போய்விட்டாள். நாற்பது நாள் குழந்தையை இவர் கையில் கொடுத்துவிட்டு வேலை தேடிப் போனவர், திரும்பி வரவில்லை. தத்து எடுக்கப் போனபோது அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றார்களாம். ஆளையே காணோம், கையெழுத்துக்கு எங்கே போவது. அப்படியே நாள் போய்விட்டது.

“எங்க வீட்டுக்காரரு வாயிலேர்ந்து அது வரவே வராது. யாராச்சும் வளத்த புள்ளன்னு சொன்னா சண்டைக்கே போயிருவாரு. அன்னிக்கு உங்ககிட்ட சொல்லணும்னு எனக்கு நாக்கு வரைக்கும் வந்துச்சு. அவரு பக்கத்துல உக்காந்துருக்காரு, அவ பக்கத்துல உக்காந்துருக்கா. எப்படிச் சொல்றது?”

அன்று என் சீனியர் இருந்திருந்தால் இந்த அம்மா சொல்லவே வேண்டியிருந்திருக்காது. ஒரு ஐசி மேசைமேல் வந்திருக்கும், நான் மூன்று பெயர்களை எழுதியிருப்பேன், விரல் சாந்தியை நோக்கித் தாராளமாக நீண்டிருக்கும். இப்போது சட்டத்தின் கண்ணில் ‘என் பிள்ளைகள்’ என்பது இரண்டு பேர். அந்த அம்மாவின் அதிகாரம் சாந்தியைத் தொடாது.

நான் உள்ளதைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். இதை நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: செய்த தவற்றைக் கட்சிக்காரரிடம் சொல்வதற்கு நல்ல நேரம் என்று ஒன்று வராது. வேறு வழக்கறிஞரைப் பார்ப்பதுதான் அவருக்கு நல்லது என்றேன். அந்த உயிலுக்குச் சரியான பொருள் என்னவென்று நீதிமன்றத்தில் கேட்கலாம், என் தவறு என்று நானே வந்து சாட்சி சொல்கிறேன், செலவும் என்னுடையது என்றேன்.

“புது ஆளுகிட்டப் போயி மொதல்லேர்ந்து சாந்தி எம்புள்ள இல்லன்னு சொல்லணுமா? அப்பறம் கோர்ட்ல ஒருக்கா சொல்லணுமா?” என்றார். “வேணாம். ஒண்ணு செய்ங்க. வீட்டப் பெரியவன் பேருக்கு எழுதிருங்க. அவன் சாந்திக்கு மாத்திக் குடுத்துருவான். நான் சத்தியம் வாங்கிக்கிறேன்.”

அறைக்குள் அவரும் நானும் மட்டும்தான் இருந்தோம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. காதில் விழாத மாதிரி இருந்துவிட்டு, குணாவின் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் என் தவறும் மூடிப்போகும், அவர் மனமும் ஆறும். யார் கேட்கப்போகிறார்கள்?

ஆனால் கணவர் குறிப்பிட்ட ஆட்களுக்கு வெளியே இருக்கும் ஒருவருக்குப் போக வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் ஒருவரைக் காட்டினால், அந்த நியமனம் செல்லாது. சட்டத்தில் அதற்கு மோசடி என்றே பெயர். இந்த அம்மாவுக்கு ஒரு சல்லிக்காசு ஆதாயம் இல்லை, நினைப்பில் துளி கெடுதல் இல்லை, இருந்தும் பெயர் அதுதான். நாளைக்குச் சேகரோ, சேகரின் மனைவியோ ஒரு கேள்வி கேட்டால் எல்லாம் சரிந்துவிடும். வீடு இரண்டு மகன்களுக்கும் பாதிப் பாதி, சாந்தி தெருவில். அதைவிட, சாகக் கிடக்கிற ஒரு பெண்ணை என் தவற்றை மறைக்க நான் பொய்யில் இறக்கிவிட்டவளாவேன்.

“சத்தியம் வாங்கினீங்கன்னா எல்லாம் கெட்டுப்போயிரும்மா,” என்றேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கதவுக்கு வெளியே சாந்தி யாரிடமோ போனில், திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரணும், வெறும் வயித்தோட வரணுமா என்று கேட்டுக்கொண்டிருந்தது கேட்டது.

நான் வேலை செய்த விதத்தில் எனக்கே பிடித்த ஒரு விஷயம் உண்டென்றால், அந்த நிமிடம் பேனாவை மூடி வைத்ததுதான். பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தால் முன்வாசல் தெரியாது. சட்டப்படி இந்தச் சொத்தில் பாத்தியதை உள்ளவர்கள் மூன்றே பேர். அம்மா, குணா, சேகர். மூவரும் பெரியவர்கள். மூவரும் மனமொத்துக் கையெழுத்துப் போட்டால், அறக்கட்டளையைக் கலைத்து வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஒளிக்க எதுவும் இல்லை, ரகசியச் சத்தியமும் வேண்டாம்.

அதைச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் தெளியவில்லை. இன்னும் கறுத்தது.

“அப்ப அவனுங்ககிட்ட சொல்லணும். இந்த வீட்ல அவளுக்கு ஒண்ணுமில்லன்னு அவனுங்களுக்குத் தெரிஞ்சு போயிரும்.”

“ஆமாம்மா.”

“ஒருத்தன் முடியாதுன்னுட்டா?”

“முடியாதுன்னுட்டா அதுதான் முடிவு. தெரிஞ்சதைத் தெரியாததாக்க முடியாது.”

சொல்லாமல் விட்டால், அம்மா கண்ணை மூடிய பிறகு மகன்களுக்கு இது வேறு யார் மூலமாகவோ தெரியவரும். அப்போது கேட்பதற்கு அம்மா இருக்க மாட்டார். இதை மட்டும் சொல்லிவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். முடிவு அவருடையது. நம் தொழிலில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் ரொம்பக் கஷ்டம்.

“சனிக்கிழம வரச் சொல்றேன்,” என்றார் கடைசியில்.

சனிக்கிழமை காலை இருவரும் வந்தார்கள். குணாவுக்கு ஐம்பது வயதிருக்கும், தினமும் விடியுமுன் சிங்கப்பூர்ப் பாலம் தாண்டிப் போய்த் திரும்பும் ஆட்களுக்கு வரும் களைப்பு கண்ணுக்குக் கீழே இருந்தது. சேகர் நகக்கண்ணில் கிரீஸோடு உட்கார்ந்தான். நான் செய்த முதல் காரியம், சரஸ்வதி அம்மாவை வெளியே போய்ச் சாந்தியோடு உட்காரச் சொன்னது. அவருக்குக் கோபம். ஆனால் இன்னும் இரண்டு நாளில் நெஞ்சைத் திறக்கப்போகிற தாய் எதிரில் இருந்தால் எந்தப் பிள்ளையால் முடியாது என்று சொல்ல முடியும்? முடியாது என்று சொல்ல வழியில்லாத இடத்தில் வாங்கும் சம்மதத்தை நான் சம்மதமாக எண்ணுவதில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் மறுக்கலாம், மறுத்தால் அது தப்பில்லை, நான் அம்மாவின் வழக்கறிஞர், அதோடு தவறு செய்தவளும் நானே, அதனால் என் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள், அடுத்த தெருவில் இன்னொரு வழக்கறிஞரிடம் சொல்லிவைத்திருக்கிறேன், போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன்.

சேகர் அண்ணனைப் பார்த்தான். “அண்ணன் என்ன சொல்லுதோ அதான் எனக்கும்.”

ஆக எல்லாம் குணாவின் தலையில் வந்து நின்றது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நான் ரிட்டயர் ஆனா இந்த வீட்டுக்குத்தான் வரணும்னு இருந்தேன் லாயர் அம்மா. ஜேபி அடுக்குமாடியில மனுஷன் இருக்க முடியாது. அதுக்காகத்தான் இந்தப் பாலத்த இத்தன வருஷம் தாண்டுறேன்.”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அநியாயமில்லை.

“அப்பா மூணுன்னு சொன்னாரா?”

“மூணுன்னுதான் சொன்னார்.”

“பேரு சொன்னாரா?”

“மூணு பேரையும் சொன்னார்.”

“அப்பறம் நீங்க ஏன் எழுதல?”

முப்பது வருடத்தில், உயில் வழக்குகளில் நான் சாட்சியாக நின்றபோது, எத்தனையோ பேர் என்னைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறார்கள். அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

“பிள்ளைகள்னு எழுதினா அழகா இருக்கும்னு நெனச்சேன்,” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அலமாக்,” என்றார், ‘அட ஐயோ’ என்பதை மலாயில், மெதுவாக. தம்பியை எழுப்பிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை. வெளி அறையில் சாந்தி பொட்டலம் கட்டிவந்த தேங்காய்ப்பால் சோற்றை, நாசி லெமாக்கை, எடுத்து வைத்தாள். அண்ணன்களுக்கு இரண்டு, எனக்கு ஒன்று, ரோஸ்னாவுக்கு ஒன்று. குணாவுடையதில் நெத்திலி இருக்காது என்று அடையாளத்துக்கு ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். சரஸ்வதி அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. குணா நேராக என் அறைக்குள் வந்தார்.

“அந்த லாயர் எங்கள போட வேணாம்னுதான் சொன்னாரு,” என்றார். “சரியாத்தான் சொன்னாரு. எங்க போடணும்?”

காட்டினேன். பேனாவை எடுத்துக்கொண்டு ஒரு கணம் நிறுத்தினார். “எனக்கு அங்க ஒரு ரூம் உண்டுன்னு எழுதிக்கலாமா?”

“தாராளமா எழுதலாம். எல்லாரும் ஒத்துக்கிட்டா சரிதான்.”

கொஞ்சம் யோசித்தார். “வேணாம். அவ போன்னு சொல்ல மாட்டா.” கையெழுத்துப் போட்டார். சேகரும் போட்டான். பிறகு குணா குரலைத் தாழ்த்தி, “ஏன் நாங்க போடுறோம்னு அவகிட்ட சொல்லாதீங்க. அம்மா குடுத்ததாவே இருக்கட்டும்,” என்றார்.

திங்கட்கிழமை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகும் சரஸ்வதி அம்மா அந்த வீட்டில், மகளுடைய வீட்டில், எட்டு வருடம் இருந்தார்.

பெயர் மாற்றப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சாந்தி தனியாக வந்தாள். அன்றும் சீருடைதான். குணா கேட்டுக்கொண்டபடி நான், இங்கே போடு, அங்கே போடு என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவள் எல்லாப் பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். அண்ணன்களின் கையெழுத்து இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

“எனக்குத் தெரியும் லாயர் அம்மா,” என்றாள். “ஐசில வேற பேரு இருக்கிறவளுக்குத் தெரியாம இருக்குமா? ஸ்கூல்ல, ஆஸ்பத்திரில, வேலைக்குப் போன எடத்துல, எல்லாக் கவுண்டர்லயும் ஐசிய பாப்பாங்க, அப்பாவ பாப்பாங்க, அப்பறம் என்னைய பாப்பாங்க. அப்பா எங்கயாச்சும் தூரமா பாத்துகிட்டு நிப்பாரு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அன்னிக்கு உங்க ஆபீஸ்லயும் ஐசிய எடுத்தேன். நீங்க வேணாம்மா, உள்ள வச்சுக்கன்னு சொன்னீங்க. வாங்கக்கூட இல்ல. வீட்டுக்குப் போற வழியில அப்பா கார்ல பாட்டுப் பாடிகிட்டே வந்தாரு. எனக்கும் அவ்ளோ சந்தோஷம். நீங்க ஒருத்தருதான் கேக்காம விட்டீங்கன்னு இத்தன வருஷமும் உங்கள நெனச்சுக்குவேன்.”

அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நன்றியாகவே சொன்னாள். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. அவள் போன பிறகு ரோஸ்னாவைக் கூப்பிட்டு, இனிமேல் இந்த அறைக்குள் உயில் எழுத வருகிறவர் யாராயிருந்தாலும், வீட்டில் சாப்பிடுகிறவர்கள் அத்தனை பேருடைய ஐசியும் மேசைக்கு வந்த பிறகுதான் என் பேனா திறக்கும் என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ அப்பாக்கள் என்மேல் கோபப்பட்டார்கள். இரண்டு பேர் எழுந்து போனார்கள். நீங்களும் கேட்டுப் பாருங்கள், உங்கள்மேலும் கோபப்படுவார்கள். நான் கேட்டு வாங்கிய ஐசிகளில், அப்பா பெயர் வேறாக இருந்த இன்னும் மூன்று சாந்திகள் இருந்தார்கள். அவர்கள் பெயர் உயிலில் இருக்கிறது. என்னை நல்லவள் என்று அவர்கள் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.